விரல் அகல இடைவெளி

புதிய எடைமேடையைத் திறந்துவைக்கப் பாதுகாப்பு இயக்குநர் சரக்கு ஷெட்டுக்கு வந்து இறங்கியது பிற்பகல் நேரம்தான். ஆனாலும் உள்ளே எல்லா விளக்குகளையும் போட்டுவைத்திருந்தார்கள். மழை வராமல் வானம் மட்டும் கறுத்து, ஓடுபாதையின் மேல் நனைந்த போர்வை போலத் தொங்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரை அவ்வப்போது டப்பென்று ஒரு சத்தம் போட்டது. சூடு தணிந்த தகரம் சுருங்கும் சத்தம்தான். ஆனால், யாரோ மேலே ஓரடி எடுத்துவைத்துவிட்டு, அடுத்த அடி வைக்கலாமா என்று யோசிப்பது போல இருந்தது.

இயக்குநர் ஓய்வு பெற்ற விமானி. ஓய்வு பெற்ற பிறகும் தோளில் தங்கப் பட்டைகள் வைத்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொள்வார். கல்யாண வீட்டுக்கும் அதே சட்டை, பல் டாக்டரிடம் போகவும் அதே சட்டை. 'கதவைச் சாத்துங்கள்' என்று சொல்வதற்குக்கூட மனிதன் பறக்க ஆசைப்பட்ட காலத்திலிருந்து ஆரம்பிப்பார். அதனால் ஷெட்டில் அவருக்குப் பீடிகை என்று பெயர். இந்தப் பெயர் தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

"வாங்க சார், காலைப் பார்த்து வைங்க. தரை புதுசு, வழுக்கும்" என்றாள் ஷெட் சூப்பர்வைசர். அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இயக்குநர் இரண்டு அடி வைத்ததும் நின்றார். மூக்கைச் சுளித்தார்.

"என்ன வாசனை இது? எண்ணெய் தீஞ்ச மாதிரி."

"அது போகல சார். பினாயில் ஊத்திப் பார்த்தாச்சு, ஊதுபத்தியும் வெச்சாச்சு" என்று அக்கா பின்பக்க மூலையைக் காட்டினாள். "அந்தத் தட்டுங்க அங்கதானே இருக்கு."

மூலையில் சரக்கை அடுக்கி ஏற்றும் பெரிய அலுமினியத் தட்டுகளும் சரக்கைக் கட்டும் வலைகளும் அடுக்கியிருந்தன. போன மழைக்காலத்தில் வயலில் விழுந்து எரிந்த விமானத்திலிருந்து மீட்டவை. தேய்த்துக் கழுவி மறுபடியும் பயன்படுத்தலாம், சிக்கனம் ஒரு பண்பு என்று சுற்றறிக்கை விட்டவர் இயக்குநர். எனவே வாசனையைப் பற்றி மேற்கொண்டு அவர் பேசவில்லை.

அந்த விமானம் இந்த ஷெட்டிலிருந்து இயந்திர பாகங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஓடுபாதை முடியும்வரை ஓடியும் தரையை விட்டு எழும்பவில்லை. கடைசி முனையில் எழும்பியபோது ஒரு தென்னை உயரம்கூடப் போகவில்லை. விமானி, துணை விமானி, சரக்கோடு போகும் லோட்மாஸ்டர், மூன்று பேரும் போய்விட்டார்கள். லோட்மாஸ்டரை எல்லோரும் மாமா என்பார்கள். தொண்டை கட்டிய மெல்லிய குரல் அவருக்கு. ஒவ்வொரு தட்டுக்கும், "இதை எங்க வைக்கிறது சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். சரக்கு விமானத்தில் பாரம் எங்கே உட்காருகிறது என்பது சின்ன விஷயமில்லை. பின்னால் கூடிப்போனால் விமானம் நாயைப் போல வாலில் குந்திவிடும்.

ஏன் விழுந்தது என்பதற்கு இரண்டு காரணங்கள். இரண்டும் ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்று, விமானி. ஓடுபாதையின் ஆரம்பத்துக்குப் போய்த் திரும்பி வரச் சோம்பல்பட்டு, நடுவில் இருக்கும் பக்கவழியாக நுழைந்து, பாதிப் பாதையிலேயே எழும்பப் பார்த்தார். அது தப்பு, சந்தேகமே இல்லை.

இரண்டாவது, எடை. ஷெட்டில் ஒரு பழக்கம் இருந்தது. எடைமேடையில் சரக்குத் தட்டை வைக்கும்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வண்டியின் இரும்புக் கைகளை முழுசாக இறக்க மாட்டார். மயிரிழை அளவு தூக்கியே பிடித்திருப்பார். பாரத்தில் ஒரு பங்கை வண்டி சுமக்கும். மேடை மீதியை மட்டும் காட்டும். எடை அளவுக்குள் வந்துவிடும், சரக்கு ஏறிவிடும், எல்லோரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடலாம். இதற்குக் கைகொடுப்பது என்று பெயர். இதைத் திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. பஸ் ஏற முடியாதவருக்குக் கைகொடுக்கிற மாதிரி, அதுவும் ஒரு உபகாரம்.

விசாரணைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் இயக்குநர். பல நாள் கூடி, பல பெட்டி பிஸ்கட் தின்று, குழு கண்டுபிடித்தது இதுதான்: விமானியின் கணிப்புப் பிழை, எடை விதிப்படி இருந்தது. முதல் பாதி உண்மையாக இருந்ததால் இரண்டாம் பாதியைக் கண்சிமிட்டாமல் சொல்ல முடிந்தது. கம்பெனி நெகிழ்ந்துபோய், பாதுகாப்பு இயக்குநர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, அதில் அவரை உட்காரவைத்தது.

இன்றைக்கு அதே வழித்தடத்தில் மறுபடியும் முதல் விமானம் போகிறது. அதில் துணை விமானி அவருடைய ஒரே மகள்.

ரிப்பன் வெட்டியாயிற்று. பேச்சும் ஆயிற்று. பறவைகளில் ஆரம்பித்து எடைமேடைக்கு வந்து சேர்வதற்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வண்டியிலேயே ஒரு தூக்கம் போட்டுவிட்டார். அவர் பெயர் ராக்கெட். அவ்வளவு மெதுவாக ஓட்டுவார்.

"இனிமேல் கைகொடுக்கும் பழக்கம் கிடையாது" என்று முடித்தார் இயக்குநர். "எந்திரம் பொய் சொல்லாது."

படம் எடுப்பதற்காக அவரே எடைமேடையில் ஏறி நின்றார். சுவரில் பெரிய பலகையில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

நாலு ஆள் எடை.

ஷெட்டில் சிரிப்பை அடக்கும் சத்தம் தும்மல்களாக வெளியே வந்தது. "புது மெஷின் சார். பெரிய மனுஷங்களைப் பார்த்ததில்ல" என்றார் ராக்கெட்.

இயக்குநர் முகம் சிவந்து கீழே இறங்கினார்.

பலகை பூஜ்யத்துக்கு வரவில்லை.

காலி மேடை மூன்று ஆள் எடையைக் காட்டிக்கொண்டு நின்றது. பிறகு இரண்டு ஆளாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஆள். மேடையிலிருந்து ஒவ்வொருவராக, அவசரமில்லாமல் இறங்குவது போல.

கடைசியில் பூஜ்யம்.

யாரும் சிரிக்கவில்லை. தகரக் கூரை டப்பென்றது.

"ஈரப்பதம்" என்றார் இயக்குநர்.

சரக்கு ஏற்றுவது தொடங்கியது. முதல் தட்டு இயந்திர பாகங்கள். ராக்கெட் அதைத் தூக்கியபோது வண்டியின் பின் சக்கரங்கள் தரையிலிருந்து லேசாகக் கிளம்பின. மேடையில் வைத்தார், இரும்புக் கைகளை முழுக்க இறக்கினார், வண்டியைப் பின்னால் எடுத்தார், இறங்கிவந்து கைகட்டி நின்றார். இயக்குநர் பார்க்கிறார் இல்லையா.

பலகையில் வந்த எடையைப் பார்த்து அக்கா கிட்டே போனாள். மறுபடியும் பார்த்தாள்.

"சார், இது பாதிகூட இல்லையே."

"எதில் பாதி?"

"இருக்கவேண்டியதுல பாதி. வண்டி முக்குச்சு சார், நீங்களே பார்த்தீங்க. பின் சக்கரம் எழும்புச்சு."

"வண்டிக்கு வயசாச்சு" என்றார் இயக்குநர். "பாரும்மா, இத்தனை வருஷமா நீங்க தப்பான மேடையில நிறுத்துப் பழகிட்டீங்க. சரியான எடையைப் பார்த்தா உங்களுக்குச் சந்தேகம் வருது. இதுக்குத்தான் தொழில்நுட்பம்."

"கீழ கைகொடுக்க யாருமே இல்ல, அப்புறம் எப்படிக் குறையும்?" என்று அக்கா தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். சொன்னவள் தன் வார்த்தையைத் தானே கேட்டுவிட்டு, மேடையை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

அடுத்ததும் குறைவு. அதற்கடுத்ததும். அளவுக்குள் இவ்வளவு இடம் மிச்சமிருப்பதைக் கண்ட இயக்குநருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த விமானத்துக்கென்று ஒதுக்கியிருந்த சரக்கையும் இதிலேயே ஏற்றச் சொன்னார். முன்னால் இடம் நிறைந்துவிட்டதால் அவை வால் பக்கம் போயின. எடை சரி என்று அவரே கையெழுத்துப் போட்டார். கடைசியாக ஒரு தட்டு மட்டும் உள்ளே நுழையாமல் திரும்பிவந்து மேடையிலேயே நின்றுவிட்டது.

விமானத்தின் இறக்கைக்கு அடியில் மகள் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தூறல் விழத் தொடங்கியிருந்தது.

"என்னம்மா பார்க்குற?"

"டயர் அமுங்கவே இல்லப்பா." அவள் காலால் தட்டிப் பார்த்தாள். "இவ்வளவு ஏத்தியிருக்கு. வண்டி என்னமோ காலியா நிக்கிற மாதிரி நிக்குது."

"அளவுக்குள்ளதான் இருக்கு. நானே பார்த்தேன்."

"நீங்க பார்த்தா சரிதான்" என்றாள். கிண்டலா, நம்பிக்கையா என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தக் குரல்தான். "எங்க கேப்டன் மீசை சார் ஓடுபாதை நடுவழியிலேர்ந்தே ஏறிடலாம்ங்கிறார். மழை புடிக்கிறதுக்குள்ள கிளம்பணுமாம். நான் முழுப் பாதை கேட்டேன். உங்கப்பா பாஸ் பண்ண எடைமா, பாதி போதும்ங்கிறார்."

இயக்குநர் ஓடுபாதையின் நடுவழியைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். எடை விதிப்படி இருக்கும்போது பாதிப் பாதை ஆபத்தென்றால், போன தடவை என்ன நடந்தது என்று கேட்பார்கள்.

"நல்ல விமானிதான் அவர்" என்றார்.

மகள் தலையாட்டிவிட்டு ஏணியில் ஏறினாள். ஏறும்போது திரும்பி, "தொப்பியை எங்க விட்டீங்க? நனையுறீங்க பாருங்க" என்றாள்.

தொப்பி ஷெட்டில் இருந்தது. அதை எடுக்கத்தான் அவர் திரும்பிப் போனார்.

ஷெட்டில் யாருமில்லை. எல்லோரும் மழைக்கு முன் விமானத்தின் பின்கதவை மூட ஓடியிருந்தார்கள். மின்சாரம் போய், பெரிய கதவு வழியாக வந்த சாம்பல் வெளிச்சம் மட்டும் தரையில் நீளமாகக் கிடந்தது. எடைப் பலகை பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. எரிந்த வாசனை இப்போது மூலையிலிருந்து வரவில்லை. மேடையிலிருந்து வந்தது.

திரும்பிவந்த தட்டு மேடையின் மேல் நின்றது. ஆள் உயரத்துக்கு இரும்பு.

பலகையில் பூஜ்யம்.

கோளாறு என்று நினைத்தார். ஒரு காலை மேடையில் ஊன்றினார். எண்கள் ஓடின. காலை எடுத்தார். பூஜ்யம். மேடைக்கு ஒரு கோளாறும் இல்லை. அவருடைய கால் தெரிகிறது. இவ்வளவு இரும்பு தெரியவில்லை.

முழங்காலை மடித்து, சட்டை அழுக்காவதையும் பார்க்காமல், குனிந்து பார்த்தார்.

தட்டுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதன் வழியே அந்தப் பக்கத்துச் சாம்பல் வெளிச்சம் மெல்லிய கோடாகத் தெரிந்தது.

கோடு முழுசாக இல்லை. இடையிடையே அறுந்திருந்தது.

அறுந்த இடங்களில் இருந்தவை விரல்கள்.

கரிக்கட்டை போன்ற விரல்கள். தட்டின் விளிம்பை அடியிலிருந்து வளைத்துப் பிடித்திருந்தன. நகங்கள் இல்லை. ஓரமாக இருந்த ஒரு விரல், பிடியைச் சரிசெய்துகொள்வது போல, மெல்ல நகர்ந்தது.

"கைகொடுக்கிறோம் சார்."

தொண்டை கட்டிய மெல்லிய குரல். மேடைக்கு அடியிலிருந்து வந்தது.

இயக்குநர் குனிந்தபடியே இருந்தார். வாய் மட்டும் அசைந்தது. "ஏன்?"

"எடை விதிப்படி இருந்துச்சுன்னு சொன்னீங்களே சார். பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கணும். அதான் சரியாக்கிக் கொடுக்கிறோம்."

"விமானத்துல இருக்கிறதும்..."

"எல்லாந்தான் சார்."

கூரை மேல் மழை இறங்கியது.

"எதுவரைக்கும்?" அவர் கேட்டது அவருக்கே கேட்கவில்லை.

"ஏறுற வரைக்கும் தாங்குவோம் சார்" என்றது குரல், பணிவாக. "மேல போனா கை அசந்துடும்."

அவர் ஓடினார். பல வருடங்களாக ஓடாத மனிதர், மழையில், ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினார். பின்கதவு மூடியாயிற்று. முன் ஏணி மட்டும் இன்னும் எடுக்கப்படவில்லை. ஏறினார்.

உள்ளே சரக்கறை நீளமான குகை போல இருட்டாக இருந்தது. முன்னால் விமானி அறையில் மகளின் குரல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு சோதனையாகப் படித்துக்கொண்டிருந்தது. மீசை கேப்டன் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார்.

"நிறுத்துங்க" என்றார் இயக்குநர்.

மீசை திரும்பிப் பார்த்தார். நனைந்த சட்டை, கலைந்த தலை, ஒற்றைச் செருப்பு. "என்ன சார், வழியனுப்பவா?"

"எடை தப்பு. எல்லாத்தையும் இறக்கணும்."

"உங்க மெஷின், உங்க கையெழுத்து. எந்திரம் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இயக்குநர் வாயைத் திறந்தார். வழக்கமாக வரும் பீடிகை எதுவும் வரவில்லை.

"பயமா இருக்கு" என்றார்.

மகள் இருக்கையில் முழுசாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த வார்த்தையை அவள் அவரிடம் கேட்டதே இல்லை.

"அப்பா, உட்காருங்க. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா, பெண்ணைப் பிரியுற வருத்தம்" என்று சிரித்தார் மீசை. "இறங்குங்க சார், ஏணியை எடுக்கச் சொல்றேன். மழை புடிச்சுக்கிச்சு. நேரா நடுவழி, அஞ்சே நிமிஷம், மேல போயிடுவோம்."

மேல போயிடுவோம்.

இயக்குநர் மீசையோடு வாதாடவில்லை. திரும்பிச் சரக்கறைக்குள் போனார். கைப்பேசி விளக்கைப் போட்டு முதல் தட்டின் கீழே பிடித்தார்.

விரல் அகல இடைவெளி.

அடுத்ததன் கீழே பிடித்தார். அதற்கடுத்தது. வால்வரைக்கும் எல்லாத் தட்டுகளும் தரையைத் தொடாமல் நின்றன. ஒவ்வொன்றின் கீழும் அந்த விரல்கள். மூன்று பேருக்கு இத்தனை கைகள் இருக்க முடியாது. ஆனால் இருந்தன.

அவர் தரையில் உட்கார்ந்தார். எரிந்த எண்ணெயின் வாசனை தொண்டையில் ஒட்டியது.

"கையை எடுத்துடுங்க" என்று கிசுகிசுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

"கும்பிட்டுக் கேட்கிறேன். என் பொண்ணு இருக்கா உள்ள."

"தெரியும் சார்." குரல் அவர் காதருகே வந்துவிட்டது. "கையை எடுத்தா எடை அளவு தாண்டிடும். தாண்டின பாரத்தை எங்க வைக்கிறது சார்?"

முன்னால் மகள் கடைசிச் சோதனையைப் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ ஏணியைப் பிடித்து இழுத்தார்கள்.

"என் மேல வைங்க" என்றார் இயக்குநர். "யார் மேலயும் வேண்டாம். என் மேல வைங்க."

தட்டின் விளிம்பிலிருந்து கரி விரல்கள் விலகின.

பிறகு எல்லாத் தட்டுகளும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்தன.

அந்தச் சத்தத்தை மீசை பிறகு இடி என்றார். விமானம் முனகியது. வால் மெல்ல, மரியாதையாக, கீழே இறங்கித் தரையைத் தொட்டு நசுங்கியது. மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. மகள் இருக்கையில் சாய்ந்தபடியே முன்கண்ணாடி முழுக்கக் கறுத்த மேகத்தைக் கண்டாள். யாருக்கும் அடிபடவில்லை, மீசையின் மேல் சுடச்சுட ஒரு கோப்பை காபி கவிழ்ந்ததைத் தவிர.

மகளை ஏணி வைத்து இறக்கினார்கள். அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை. நிற்பதே பெரும்பாடாக இருந்தது. நான்கு பேர் சேர்ந்துதான் அவரைக் காரில் ஏற்ற முடிந்தது.

"என்னக்கா, ஆளு பார்க்க ஒல்லிதான், இந்தக் கனம் கனக்கிறாரு" என்றார் ராக்கெட். அக்கா காரின் பின்பக்கம் அவர் உட்கார்ந்த புறமாகத் தாழ்ந்து போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு கம்பெனி கார் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஓடியது. டிரைவர் தினமும் காற்றடித்துப் பார்த்தார். அலுவலகத்தில் அவர் நாற்காலி உடைந்தது. தேக்கு நாற்காலி வரவழைத்தார்கள், அதுவும் உடைந்தது. தொலைநோக்கோடு விமானத்தைத் தடுத்து நிறுத்தியதற்காக ஒரு பாராட்டு விழா எடுத்தார்கள். தற்காலிக மேடையின் பலகை அவர் காலடியில் விரிசல் விட்டதால், விழாவைச் சுருக்கமாக முடித்தார்கள். அவரும் பேசவில்லை. இரண்டும் அந்தக் கம்பெனியில் முதல் தடவை.

வீட்டில் கட்டிலை விட்டுத் தரையில் படுத்தார். மூச்சு விடும்போது மார்பின் மேல் யாரோ பெட்டியை வைத்து எடுப்பது போல இருந்தது. டாக்டர் எடை பார்க்கக் கருவியில் ஏறச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

குடியிருப்பின் லிஃப்ட்தான் பெரிய பிரச்சினை. ஆறு பேருக்கான லிஃப்ட். அவர் ஒற்றைக் கால் வைத்தாலே பாரம் அதிகம் என்று பீப் பீப்பென்று கத்தும். கதவு மூடாது. நான்காம் மாடிக்கு ஒவ்வொரு படியாக ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் மகள் ஓர் இரும்பு ஸ்டூலோடு காத்திருந்தாள்.

"என்னப்பா ஆச்சு உங்களுக்கு? சொன்னாத்தானே தெரியும்."

"கனமா இருக்கும்மா."

"எது?"

அவர் அடுத்த படிக்குக் காலைத் தூக்கினார். ஆனால், மகள் மூச்சு விடுவதைப் பக்கத்தில் கேட்கும்போது, சுமக்கலாம் என்றுதான் இருந்தது. கொஞ்ச நாளைக்கு அப்படி இருந்தது.

பிறகு கம்பெனியிலிருந்து அறிக்கை வந்தது. வாலில் குந்திய விமானத்தைப் பற்றிய விசாரணைக்கும் அவர்தான் தலைவர். எழுதும் சிரமத்தைக் கொடுக்க வேண்டாமென்று தட்டச்சு செய்தே அனுப்பியிருந்தார்கள்: திடீர்க் காற்று, எடை விதிப்படி இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

அன்றைக்கு முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாக நொறுங்குவது போல வலித்தது. அவர் நெடுநேரம் அந்த வரியைப் பார்த்தார். எடை விதிப்படி இருந்தது. அப்படிச் சொல்லிவிட்டால், தாண்டின பாரம் என்று ஒன்று ஏது? இல்லாத பாரத்தை யார் மேல் வைக்க முடியும்?

கையெழுத்துப் போட்டார்.

பேனாவை மூடுவதற்குள் தோள் லேசானது. பிறகு முதுகு. பிறகு கால்கள். சாயங்காலம் மகள் அவரை அலுவலகத்திலிருந்து அழைத்துப்போக வந்தபோது, அவர் பழைய நான்கு பட்டைச் சட்டையில், நிமிர்ந்து, வாட்ச்மேனுக்கு ஒழுங்கைப் பற்றி உபதேசம் செய்துகொண்டிருந்தார்.

குடியிருப்பு வாசலில் மகள் படியை நோக்கித் திரும்பினாள். அவர் அவளைத் தடுத்து லிஃப்டுக்குள் காலை வைத்தார்.

லிஃப்ட் கத்தவில்லை.

"அட" என்றாள் மகள், சிரித்துக்கொண்டே. "சரியாயிட்டீங்கப்பா."

"நான் அன்றைக்கே சொன்னேன், மனத்திடம் என்பது..." என்று ஆரம்பித்தார் அவர். கதவு மூடியது. லிஃப்ட் ஏறத் தொடங்கியது.

இரண்டாம் மாடி தாண்டும்போது வாசனை வந்தது.

எண்ணெய் தீய்ந்த வாசனை.

அவர் பேச்சை நிறுத்தினார். கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார்.

லிஃப்டின் தரைக்கும் அவர் செருப்புக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி.

நான்காம் மாடி வந்தது. கதவு திறந்தது. மகள் பையில் சாவியைத் துழாவிக்கொண்டே வெளியே போனாள். அவர் காலை எடுத்து வைக்கப் பார்த்தார். கால் காற்றில் அசைந்தது. தரை எட்டவில்லை. இரண்டு அக்குளிலும் ஏதோ அழுத்தமாகப் பிடித்திருந்தது. வெள்ளைச் சட்டையில் கரி விரல்கள் ஒவ்வொன்றாகப் பதிந்தன.

"வாங்கப்பா" என்றாள் மகள், திரும்பாமல்.

கதவு மூடியது. யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. லிஃப்ட் மேலே போயிற்று. ஐந்து. ஆறு. அதற்கு மேல் மாடி கிடையாது. லிஃப்ட் கொஞ்சம் தயங்கிவிட்டு, அதற்கு மேலும் போய், இருட்டில் ஆடிக்கொண்டு நின்றது. அடியில் தரைப் பலகை திருகு திருகாகக் கழன்று விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு திருகும் அடிமட்டத்தைத் தொட வெகுநேரம் ஆயிற்று.

"எங்க இறக்கி வைக்கிறது சார்?" என்றது குரல், காதருகே, பணிவாக.

அவர் புரிந்துகொண்டார். பதில் சொன்னால் இறக்கி வைத்துவிடுவார்கள். சொல்லாமல் இருந்தாலும் கை அசந்துவிடும். ஆனால் பெரியவர் பேசும்போது குறுக்கே எதுவும் செய்யாத மரியாதை அந்த ஷெட்டில் எல்லோருக்கும் உண்டு. பேச்சு முடியும்வரை பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

கீழே, நான்காம் மாடியில், மகள் திறந்த வீட்டுக் கதவருகே சாவியோடு நின்றாள். லிஃப்ட் குழாய்க்குள் வெகு உயரத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. நடுங்கிய குரல், ஆனால் நிறுத்தாமல், நிதானமாக, மனிதன் பறக்க ஆசைப்பட்ட காலத்திலிருந்து ஆரம்பித்துப் பேசிக்கொண்டிருந்தது.

அவ்வப்போது நடுவில், யாரோ மூன்று பேர் ஒன்றாக, "ம்" என்றார்கள்.